திங்கட்கிழமை வாய் திறக்காத பள்ளிக்கூடம்

அத்தியாயம் 4

திங்கட்கிழமை பூயாவில் கோழிகூடத் தயங்கித்தான் கூவும். கடை கிடையாது, டாக்ஸி கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. யார் போட்ட ஊரடங்கு, எதற்காகப் போட்டது என்று வாய்விட்டுக் கேட்க ஆளும் கிடையாது. கேமரூனில் இங்கிலீஷ் பேசுகிற இந்தப் பக்கம் முழுக்கப் பல வருஷமாக இதே கதைதான். அதனால் செவ்வாய்க்கிழமை விடிந்தால் போதும், இரண்டு நாள் ஜனமும் சேர்ந்து தெருவில் இறங்கிவிடும்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மோலிக்கோ கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த மொகாகேயின் துப்பறியும் அலுவலகத்துக்கு ஒரு பெண் ஏறி வந்தாள். முழங்காலுக்குக் கீழே தொங்கும் கம்பளிக் கோட்டு போட்டிருந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை.

உதவியாளர் மங்கா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பூயாவில் குளிர்தான், ஆனால் இந்த அளவுக்கு இன்னும் கெட்டுப்போகவில்லை என்றாள். வந்தவள் சிரிக்கவில்லை. கோட்டு அவளுடைய சர்ச்சில் வழியனுப்பு விழா நடத்திக் கொடுத்தது என்றும், பெட்டியில் இடம் பத்தாததால் போட்டுக்கொண்டுதான் பிளேன் ஏற வேண்டும், அதற்குப் பழகிக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். மங்காவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அந்த நாக்கு இதுவரை கடிபட்டுத் திருந்தியதில்லை.

மொகாகே ஜன்னலோரம் உட்கார்ந்து அவித்த வாழைக்காயைத் தின்றுகொண்டிருந்தார். போலீஸில் முப்பது வருஷம் இருந்து, பதவி உயர்வு வருவதற்கு முன்பே ஓய்வு வந்துவிட்ட மனிதர். இந்த மண்ணின் பழங்குடிகளான பக்வேரிக்காரர்கள் பெரியவர்களை மோலா என்று கூப்பிடுவார்கள். அவரை ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. வடக்கே பமெண்டா பக்கம் வீடு எரிந்து ஓடிவந்த மங்காவும் அப்படித்தான் கூப்பிட்டாள், மரியாதை மட்டும் நாளுக்கு நாள் கொஞ்சம் கூடும் குறையும்.

வந்தவள் பெயர் பெசெம். கும்பா ஊரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. போன மாதம் வரைக்கும் என்று திருத்திக்கொண்டாள். ராஜினாமா கொடுத்தாகிவிட்டது. அவள் இடத்தில் தலைமையாசிரியரின் மைத்துனி வந்து உட்கார்ந்தாகிவிட்டது. வியட்நாமில் ஹனோய் நகரத்தில் ஒரு ஆங்கிலப் பள்ளி. அவர்களே இணையத்தில் பயிற்சி கொடுத்து, சான்றிதழ் கொடுத்து, அவர்கள் பள்ளியிலேயே வேலையும் கொடுக்கிறார்கள். அவளுடைய அண்ணன் தாபோட் இதே வழியில்தான் போன வருஷம் போனான். இப்போது அங்கே வாத்தியார். வருகிற சனிக்கிழமை இவள் பாஸ்போர்ட்டையும் கடைசித் தவணையையும் கொடுத்துவிட வேண்டும்.

அண்ணனே அங்கே இருக்கும்போது எங்களிடம் எதற்கு வந்தாய் என்று மொகாகே கேட்டார்.

பெசெம் கைப்பையின் வாரைத் திருகினாள். "ஒன்பது வருஷம் கிளாஸ் எடுத்திருக்கேன் ஐயா. இந்தப் பயிற்சி முழுக்க முடிச்சாச்சு. ஒருத்தர்கூட நான் பாடம் நடத்தறதைப் பாக்கல. அதுதான் மனசுக்கு ஒப்பல."

மொகாகே வாழைக்காயைக் கீழே வைத்தார். அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்தால் வழக்கை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். மங்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அதுதான் கேக்க வேண்டிய கேள்வி. மத்தவங்க எல்லாரும் சம்பளம் எவ்வளவுன்னு கேட்டுட்டு வருவாங்க" என்றார் மொகாகே. உருப்படியான பயிற்சி என்றால் எவனாவது ஒருவன் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவான், நிஜப் பிள்ளைகளுக்கு நீ பாடம் எடுப்பதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பான், முடிந்ததும் கரும்பலகையிடமே பேசிக்கொண்டிருந்தாயே என்று மானத்தை வாங்குவான். யாரும் திட்டாத பயிற்சியில் யாரும் எதுவும் கற்றுக்கொள்வதில்லை என்பது அவர் கட்சி.

பிறகு கேள்விகள் வரிசை இல்லாமல் வந்தன. அந்தப் பள்ளியில் வேலையை விட்டுவிட்டு வந்த வாத்தியார் யாரிடமாவது பேசவிட்டார்களா? இல்லை, இப்போது வேலை செய்கிறவர்களின் சிரித்த படங்களைத்தான் அனுப்பினார்கள். விசா? முதலில் சுற்றுலா விசாவில் வந்துவிடு, வேலை அனுமதியை அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். பயிற்சியில் யாராவது தோற்றிருக்கிறார்களா? பெசெமுக்குத் தெரியவில்லை.

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதிலைத் தானே கண்டுபிடித்துத் தருவதாக மங்கா போனை எடுத்தாள். பள்ளியின் இணையப் பக்கத்தில் நுழைவுத் தேர்வு என்று ஒன்று இருந்தது. கீழ்வீட்டுக்காரரின் ஆடு வில்ஹெல்மினாவின் பெயரில் சேர்ந்து, எல்லாக் கேள்விக்கும் தப்பான பதிலாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். தப்பாகப் பதில் சொல்வதற்கும் கொஞ்சம் மூளை வேண்டியிருந்தது.

டீ ஆறுவதற்குள் முடிவு வந்தது. வில்ஹெல்மினாவின் ஆங்கிலம் அபாரம். அவருக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. ஆனால் இரண்டு நாளைக்குத்தான்.

"ஆட்டுக்கே வேலை கிடைச்சாச்சு மோலா. உங்களுக்கு ஒரு விண்ணப்பம் போட்டுப் பாக்கட்டா?"

"போடு. உங்க ஊர்க்காரங்க தொல்லையிலேர்ந்து தப்பிக்கலாம். வந்தவங்க போகவே மாட்டேங்கறீங்க."

"நாங்க போயிட்டா உங்களுக்கு வாழைக்காய் யாரு வேகவெக்கறது?"

பெசெம் முதல் தடவையாக லேசாகச் சிரித்தாள். சிரித்ததும் அவளுக்கு வயது குறைந்துவிட்டது. மங்காவுக்கு அது பிடிக்கவில்லை. இப்படிச் சிரிக்கிறவளிடம் கெட்ட சேதி சொல்வது கஷ்டம்.

மொகாகே அவளுடைய போனை வாங்கிக்கொண்டார். மங்கா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பயிற்சி இயக்குநர் என்று மிஸ்டர் கெல்வின் ஒருவர் இருந்தார். குரல் கிடையாது, எழுத்து மட்டும். கேட்டால் உடனே பதில் எழுதுவார், நல்ல பண்பான ஆங்கிலம். மொகாகே அந்தச் செய்திகளை விரலால் தள்ளித் தள்ளி மேலே போனார், கீழே வந்தார். பிறகு பெசெமைக் கேட்டுவிட்டு அவள் அண்ணனின் குரல் செய்திகள் இருந்த பக்கத்தைத் திறந்தார். ஒன்றையும் போட்டுக் கேட்கவில்லை. வெறுமனே தேதிகளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி கெல்வினுக்கே வந்தார்.

"ஏம்மா, ஹனோய்ல திங்கட்கிழமை எப்படி இருக்கும்?"

"திங்கட்கிழமைன்னா திங்கட்கிழமைதானே ஐயா."

"கடை திறக்குமா?"

"எப்படித் திற..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள்.

மங்காவுக்கும் அப்போதுதான் உறைத்தது. வகுப்புகள் செவ்வாய் முதல் சனி வரை. கெல்வின் ஞாயிற்றுக்கிழமைகூடப் பதில் எழுதியிருந்தார். திங்கட்கிழமை மட்டும் ஒரு எழுத்து இல்லை, எந்த வாரத்திலும் இல்லை. கும்பாவிலும் பமெண்டாவிலும் உட்கார்ந்து படித்த யாருக்கும் இது கண்ணில் படவில்லை. பட முடியாது. திங்கட்கிழமை உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் என்று நம்பி வளர்ந்துவிட்ட ஊர் இது. ஊரோடு சேர்ந்து மிஸ்டர் கெல்வினும் உட்கார்ந்திருந்தது யாருக்கும் விசேஷமாகத் தெரியவில்லை.

"அப்ப அவர் இங்கதான் இருக்காரா?" என்றாள் பெசெம்.

இந்தப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறார் என்றார் மொகாகே. வேலையாட்கள் டாக்ஸி பிடித்து வந்து உட்காருகிற ஏதோ ஒரு இடம். டாக்ஸி ஓடாத அன்றைக்கு ஹனோயும் ஓடுவதில்லை.

எங்கே என்றுதான் தெரியவில்லை. இந்தப் பக்கம் என்றால் இரண்டு மாகாணம். மொகாகே கண்ணை மூடிக்கொண்டு, வகுப்பில் வேறு ஏதாவது வித்தியாசமாக நடந்ததா என்று பெசெமைச் சொல்லச் சொன்னார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது என்றாள் அவள். போன வியாழக்கிழமை மட்டும் பாதி வகுப்பில் வாத்தியார்கள் எல்லோரும் திரையிலிருந்து மறைந்து போனார்கள். ஹனோயில் இடி மின்னல் என்று பிறகு கெல்வின் எழுதினார். அதற்கு முன்னால் ஒரு தடவை நாலைந்து நாள் வகுப்பே இல்லை. ஆசிரியர் திருவிழாவாம்.

மங்கா எழுந்து நின்றுவிட்டாள். வியாழக்கிழமை அவள் விடுப்பில் இருந்தாள். மைல் பதினாறு என்கிற பேட்டையில் அவள் வீட்டில் உட்கார்ந்து சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பாதிச் சட்டையில் கரண்ட் போனது. மோலிக்கோவில் போகவில்லை, பக்கத்துப் பேட்டை மைல் பதினேழிலும் போகவில்லை. மறுநாள் அந்தச் சட்டையைப் பாதி மடிப்பும் பாதிக் கசங்கலுமாகப் போட்டு வந்ததற்கு மோலா நாள் பூராவும் கேலி பண்ணினார். அதற்கு முந்தின திருவிழாவும் அவளுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. அதே நாட்களில்தான் மாடு வெட்டும் கொட்டகைப் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து, அவள் பேட்டை மட்டும் நாலைந்து நாள் இருட்டில் கிடந்தது.

"மோலா, ஹனோயும் என் வீடும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர்" என்றாள்.

பெசெம் தானும் வருகிறேன் என்று கிளம்பினாள். மொகாகே ஒப்புக்கொள்ளவில்லை. கடுமையாகவே வேண்டாம் என்றார். வழக்குக் கொடுத்தவர்களிடம் அவர் அப்படிப் பேசி மங்கா பார்த்ததில்லை. கீழே ஜெராக்ஸ் கடைக்காரரிடம் அவளுக்குச் சோறும் பீன்ஸும் வாங்கித் தரச் சொல்லிவிட்டு டாக்ஸி பிடித்தார்.

மைல் பதினாறில் மூடுபனி தெருவரைக்கும் இறங்கியிருந்தது. டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே ஒரு சுற்று வந்தால் நூறு வீடாவது இருக்கும். வீடு வீடாகக் கதவைத் தட்டி இங்கே வியட்நாம் இருக்கிறதா என்று கேட்க முடியாது. மங்கா நேராக ஃபிரிடா மாமியின் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் போய் நின்றாள். மாவு உருண்டை பொரித்து, பீன்ஸ் ஊற்றிக் கொடுக்கும் மாமி. அந்தப் பேட்டையில் யார் எத்தனை மணிக்கு ஏப்பம் விட்டார்கள் என்பது வரைக்கும் சட்டிக்குப் பின்னாலிருந்தே பார்த்துவிடுகிறவள்.

புதுசாக யாராவது கூட்டமாக வந்து போகிறார்களா என்று மங்கா கேட்டாள். கூட்டத்துக்கா பஞ்சம், ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள்தானே பாதிப் பேர் என்று மாமி அலுத்துக்கொண்டாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு கரண்டியைத் தட்டினாள்.

"பழைய கோழிப்பண்ணை வீட்ல சில பசங்க இருக்குதுங்க. பீன்ஸ் வாங்க வரும்போது பாரு, மேல வெள்ளைச் சட்டை, டை, எல்லாம் கவர்னர் மாதிரி. கீழ அரை டிராயரும் ரப்பர் செருப்பும். என்ன வேலைன்னு கேட்டா பதில் இல்ல. வாத்தியார் மாதிரிப் பேசுதுங்க, திருடன் மாதிரி நடக்குதுங்க."

"இடுப்புக்கு மேலதான் வேலை கிடைச்சிருக்கும் மாமி" என்றாள் மங்கா.

திரைக்குத் தெரிகிற பாதிக்கு மட்டும் சம்பளம். மங்காவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கெல்வினின் டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் நடப்பதாக அவள் மனசுக்குள் ஒரு ஊர்வலமே நடந்தது. இந்த வழக்கு பகல் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும் என்று மோலாவிடம் சொன்னாள். அவர் பதில் சொல்லாமல் முன்னால் நடந்தார்.

கோழிப்பண்ணை வீடு தாழ்வாக, நீளமாக இருந்தது. சத்தம் வெளியே போகாமலிருக்க ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே யாரோ அழுத்தம் திருத்தமாக ஆங்கிலத்தில் விலங்குகளின் பெயர்களைச் சொல்ல, கூட இன்னொரு ஆள் கை தட்டினான். மொகாகே கதவைத் தட்டினார்.

திறந்தவன் வெள்ளைச் சட்டையும் டையும் அரை டிராயருமாக நின்றான். இளைத்த முகம், இடது புருவத்தில் ஒரு தழும்பு. மங்கா சொல்ல நினைத்து வைத்திருந்த நல்ல நல்ல வசனம் எல்லாம் மறந்துபோனது. இந்தத் தழும்பை அவள் காலையில்தான் பெசெமின் போனில், வாட்ஸ்அப் படத்தில் பார்த்தாள். படத்தில் பின்னால் ஹனோய் ஏரி இருந்தது. இங்கே பின்னால் கோழிக்கூண்டு இருந்தது.

"தாபோட், கதவைச் சாத்திட்டு உக்காரு. உன் தங்கச்சி என் ஆபீஸ்ல இருக்கா" என்றார் மொகாகே.

அவன் கதவைச் சாத்தவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

மங்கா மோலாவைப் பார்த்தாள். அவர் தாழ்ந்த குரலில் சொன்னார், அண்ணனின் குரல் செய்திகளிலும் திங்கட்கிழமை இல்லை என்று. கெல்வின் எழுதாத நாளெல்லாம் அண்ணனும் பேசவில்லை. காலையிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. வழியெல்லாம் அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்பது இப்போதுதான் மங்காவுக்குப் புரிந்தது. முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்று கோபம் வந்தது. சொல்லியிருந்தால் மங்கா அவரோடு கிளம்பியே இருக்க மாட்டாள் என்பதும் தெரிந்தது.

தாபோட் எல்லாவற்றையும் சொன்னான். மறைக்கத் தெம்பு இருந்த மாதிரித் தெரியவில்லை. அவனும் இதே பயிற்சியை முடித்தவன்தான். இங்கே வெளிநாடு போவதை வேட்டைக்குப் போவது என்பார்கள். வேட்டைக்குப் போகிறவனுக்குச் சர்ச்சில் பாட்டுப் பாடி, கையை வைத்து ஜெபம் பண்ணி, ஆடு வெட்டி அனுப்புவார்கள். அவன் அம்மா அன்றைக்கு ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் போதகரே கூட ஆடினார். டுவாலா விமான நிலையத்தில் அவன் விசாவை வாங்கிப் பார்த்த அதிகாரி அதை மேஜையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். விசா பொய். வரிசையிலிருந்து நகரச் சொன்னார்கள். அவனைப்போல இன்னும் சிலபேர் பெட்டியோடு நகர்ந்து நின்றார்கள்.

வெறுங்கையோடு வேட்டையிலிருந்து திரும்பலாம் என்றால்கூடப் பரவாயில்லை, இவன் காட்டுக்கே போகவில்லை. எப்படி வீட்டுக்குப் போவது? விமான நிலையத்து வாசலிலேயே இரண்டு நாள் கிடந்தான். மூன்றாம் நாள், இந்தப் பள்ளியை நடத்துகிற முதலாளியின் ஆள் என்று ஒருவன் வந்து சமாதானம் சொன்னான். தப்பு நடந்துவிட்டது, புது விசா போடுகிறோம், அதுவரைக்கும் இங்கே பயிற்சி வகுப்பை நடத்திக் கொடு என்றான். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனவன்தான். முதலாளியை இந்த வீட்டில் யாரும் பார்த்தது கிடையாது. வியட்நாம் எண் போட்ட போன்கள் ராத்திரியில் இங்கேயே பூட்டி வைக்கப்படும், ஆள்கள் மட்டும் மைல் பதினேழில் ஒரு அறையில் படுத்துக்கொள்வார்கள்.

"அப்ப கெல்வின் யாரு?" என்று மங்கா கேட்டாள், பதில் தெரிந்தும்.

"முன்ன வாரத்துக்கு ஒருத்தர். நாலு மாசமா நான்தான்."

தங்கை பெயர் சேர்க்கைப் பட்டியலில் வந்தபோதே பார்த்துவிட்டான். கெல்வினாக அவளை விரட்டப் பார்த்தான். இல்லாத சான்றிதழ்களைக் கேட்டான், எங்கேயோ அலைந்து வாங்கி வந்தாள். போதகர் கையெழுத்து கேட்டான், மறுநாளே அனுப்பினாள். அண்ணனாக, அவசரப்படாதே, அம்மா தனியாக இருப்பாள் என்று குரல் அனுப்பினான். நீ மட்டும் நன்றாக இருந்தால் போதும் என்று நினைக்கிறாயா என்று அவள் சண்டைக்கு வந்தாள். ஏன் வரக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் தான் எங்கே இருக்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் அவனால் முடியவில்லை.

மங்காவுக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, அவனுக்கு ஒரு தட்டு பீன்ஸ் வாங்கிக் கொடுக்கலாம் போலவும் இருந்தது. போலீஸுக்குப் போகலாம் என்று மோலாவிடம் சொன்னாள்.

"போகலாம். இந்த வீட்ல இருக்கறவங்க எல்லாரையும் இன்னைக்கே பிடிச்சு உள்ள தள்ளுவாங்க. முதலாளி பேரு இதுங்களுக்கே தெரியாது. அடுத்த வாரம் வேற டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழ ஹனோய் திறந்திடும். இதை நான் ஒரு தடவை பாத்துட்டேன் மங்கா. அப்ப நான் யூனிஃபார்ம்ல இருந்தேன்."

தாபோட் ஒன்றே ஒன்று கேட்டான். பள்ளிக்கூடம் மூடிவிட்டது என்று அவளிடம் சொல்லுங்கள், என்னைப் பார்த்ததாகச் சொல்ல வேண்டாம். மொகாகே யோசித்தார். அவள் கேட்ட கேள்வி பள்ளியை நம்பலாமா என்பது, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன் என்றார்.

அலுவலகத்துக்குத் திரும்பி அப்படியே சொல்லவும் சொன்னார். பெசெம் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அப்படி ஒரு பள்ளியே இல்லை, பாஸ்போர்ட்டைக் கொடுக்காதே, கட்டியது போனதுதான் என்று மொகாகே நேராகச் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. பள்ளி இல்லை என்றால் அண்ணன் எங்கே பாடம் எடுக்கிறான் என்று கேட்டாள்.

மொகாகே தெருவைப் பார்த்தார். முப்பது வருஷம் குற்றவாளிகளை விசாரித்த மனிதருக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. அதனால் மங்காதான் சொன்னாள். வேடிக்கை எதுவும் சேர்க்காமல், இரண்டே வாக்கியத்தில் சொன்னாள்.

அவர்கள் மறுபடியும் மைல் பதினாறுக்குப் போனபோது மழை பிடித்துவிட்டது. தாபோட் டையைக் கழற்றியிருந்தான். தங்கையைப் பார்த்ததும் எழுந்து நின்றான், திட்டப்போகிறாள் என்று காத்திருக்கிற பிள்ளை மாதிரி. பெசெம் திட்டவில்லை. சுவரில் ஒட்டியிருந்த ஏரிப் படத்தைப் பார்த்தாள். மேஜைகளைப் பார்த்தாள். அங்கே உட்கார்ந்திருந்த மற்ற வாத்தியார்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்கட்டுக்குப் போனார்கள்.

"ரொம்ப இளைச்சிட்ட" என்றாள்.

அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டுக் கேட்டாள். "இங்க இன்னும் ஒரு ஆளுக்கு வேலை இருக்குமா?"

மங்கா தன் காதை நம்பவில்லை. தாபோட் தலையை ஆட்டினான், வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டிக்கொண்டே இருந்தான். வீட்டுக்குப் போ, நடந்ததைச் சொல், யாரும் உன்னைத் தின்றுவிட மாட்டார்கள் என்றான்.

"நீ போயிருக்கலாமே" என்றாள் பெசெம். குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே விசாரிக்கிற மாதிரிக் கேட்டாள். "என் கிளாஸ்ல வேற டீச்சர் வந்தாச்சு. அம்மா வீட்டு முன் அறையை வாடகைக்கு விட்டாச்சு. போன ஞாயித்துக்கிழமை என்னை நிக்கவெச்சு ஊரே பாடிச்சு. நான் எந்த மூஞ்சியோட பஸ் ஏறறது, சொல்லு."

அதற்குப் பதில் தெரிந்திருந்தால் போன வருஷமே அவன் பஸ் ஏறியிருப்பான்.

மொகாகே குறுக்கே வந்து, பூயாவிலேயே ஏதாவது பள்ளியில் கேட்டுப் பார்க்கலாம், எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றார். அவர் சொன்ன விதத்திலேயே அவருக்கு நம்பிக்கையில்லை என்று மங்காவுக்குத் தெரிந்தது. பாதிப் பள்ளிகள் மூடிக் கிடக்கின்றன, மீதியில் சம்பளம் வருவதில்லை. பெசெமுக்கும் அது தெரியும். மரியாதைக்காகத் தலையை ஆட்டினாள்.

மேஜையின்மேல் ஒரு போன் அடித்தது. வியட்நாம் எண் போட்ட போன். திரையில் அம்மா படம். தாபோட் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடு" என்றாள் பெசெம்.

அதில் காதில் வைத்துக் கேட்கும் பகுதி கெட்டிருந்தது, அதனால் அம்மாவின் குரல் அறை முழுவதும் வந்தது. பின்னால் கும்பா சந்தையின் இரைச்சல் கேட்டது. அங்கே இரவாகிவிட்டதா என்று முதலில் விசாரித்தாள், எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பாள் போல. தாபோட் கம்பளி தொங்கிய ஜன்னலைப் பார்த்துவிட்டு, ஆமாம்மா, படுக்கப்போகிறேன் என்றான். பெசெம் ஏதோ காகிதம் வாங்கப் பூயாவுக்குப் போயிருக்கிறாள், இன்னும் காணோம் என்று அம்மா சொன்னாள். அவனுக்கென்று புகை போட்ட மீன் கட்டி வைத்திருக்கிறாளாம், இவள் கையில்தான் கொடுத்தனுப்பப் போகிறாளாம்.

"பிளேன் விட்டு இறங்கி அவ வெளிய வர்றப்ப நீ முன்னாடி நிக்கணும்டா. ஆயிரம் பேசுவா, ஆனா பயந்துக்குவா. பயத்தைச் சொல்லவும் மாட்டா. வேலை இருக்குன்னு வேற யாரையும் அனுப்பிடாதே. நீயே நிப்பியா?"

தாபோட் தங்கையைப் பார்த்தான். பெசெம் சம்மதமாகத் தலையை ஆட்டினாள்.

"நிக்கறேன்மா" என்றான். "அவளை அனுப்பு."

அம்மா அந்தப் பக்கம் சந்தோஷமாக யாரிடமோ அதைக் கத்திச் சொன்னாள். பெசெம் காலியாகக் கிடந்த ஒரு நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.